ரேஷன் அரிசிக்கு பதிலா அக்கவுண்ட்ல காசு போட்டா என்ன தப்பு?

திண்டுக்கல்_கார்த்தி:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கற விஷயம், திட்டணும்னா திட்டிக்கோங்க. எங்கம்மா ஊர்ல தனியா இருக்காங்க, வயசு 63, அரிசி கார்டு, ஒரே ஆளுங்கறதால மாசம் 12 கிலோ இலவச அரிசி. அதுல ஒரு நாலு கிலோ இட்லி மாவுக்கு போடுவாங்க, மிச்சத்த பக்கத்து வீட்டு அக்கா கோழிக்கு வாங்கிட்டு போயிரும். அதுக்காக அம்மா காலைல ஒம்போது மணிக்கே போய் பையை வரிசைல வெச்சிட்டு, கைரேகை விழாம வெரல சேலைல தொடச்சி தொடச்சி அமுக்கிட்டு, கடைசில "சர்வர் இல்லம்மா நாளைக்கு வாங்க"ன்னு கேட்டுட்டு திரும்பி வருவாங்க. சென்ட்ரல் கவர்மெண்டுக்கு நெல்ல வாங்கி அரைச்சி குடோன்ல வெச்சி ரயில் ஏத்தி கொண்டு வர கிலோவுக்கு கிட்டத்தட்ட 40 ரூபா ஆகுது. அந்த காச நேரா அம்மா அக்கவுண்ட்ல போட்டா 480 ரூபா, புடிச்ச அரிசிய வாங்கிக்குவாங்க, கடத்தல் இல்ல, எடை குறையாது, வரிசை இல்ல. மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபா மாசாமாசம் டாண்ணு வருதுல்ல, இத மட்டும் ஏன் பண்ண முடியாது? சீரியஸா கேக்கறேன், கட்சி சண்டை வேணாம்.

பாண்டி_வாசி:
ஆண்டவா. அண்ணா, நீங்க இப்ப டிரெய்லர் போடற படத்த நாங்க தியேட்டர்ல உக்காந்து முழுசா பாத்து முடிச்சிட்டோம். 2015 செப்டம்பர்ல சண்டிகரும் எங்க புதுச்சேரியும்தான் நாட்டுலயே மொதல்ல ரேஷன் தானியத்துக்கு பதிலா அக்கவுண்ட்ல காசுன்னு மாறுனது. அதுக்கு மேல மாநில அரசு குடுத்துட்டு இருந்த இலவச அரிசி இருக்கே, அத அரிசியாவே குடுக்கணும்னு அப்ப முதல்வரா இருந்த நாராயணசாமி, இல்ல காசாத்தான் குடுக்கணும்னு கவர்னர் கிரண் பேடி, கோர்ட்டு வரைக்கும் போய் 2020ல ஐகோர்ட்டு கவர்னர் பக்கம் சொல்லிருச்சி. அப்புறம் செவப்பு கார்டுக்கு 600, மஞ்ச கார்டுக்கு 300ன்னு காசு. 600ங்கறது 20 கிலோவுக்கு கணக்கு, அதாவது கிலோ 30 ரூபா. சாப்பிடற மாதிரி பொன்னி அரிசி வெளிய 50ஐ தாண்டி போச்சி, இந்த 30 மட்டும் அதே எடத்துலயே உக்காந்துட்டு இருந்துச்சி. அதுவும் மாசாமாசம் வந்துச்சான்னு கேக்காதீங்க, எங்க வீட்டுக்கு ஒரு தடவ நாலு மாச காசு சேந்து வந்துச்சி, வந்த அன்னைக்கே மினிமம் பேலன்ஸ் இல்லன்னு பேங்க்காரன் அதுலயே கைய வெச்சான். பேங்க் பேரு வேணாம், எல்லாம் ஒரே மாதிரிதான். ரேஷன் கடைங்க பூட்டி கெடந்துச்சி, அதுல வேல பாத்தவங்க சம்பளம் இல்லாம தெருவுல நின்னாங்க. கடைசில 2024 தீபாவளிய ஒட்டி திரும்பவும் கடைய தொறந்து அரிசி குடுத்தாங்க. ஏன் தொறந்தாங்கன்னு நெனைக்கறீங்க? எலெக்‌ஷன்ல ஓட்டு கேக்க போற எடத்துலெல்லாம் பொம்பளைங்க கேட்ட மொத கேள்வி அதான்.

ஓசூர்_ரவி:
பாண்டி சொல்றது கரெக்டு. பார்டர் தாண்டி கர்நாடகாலயும் இதே கதைதானுங்க. 2023 ஜூன்ல சென்ட்ரல் கவர்மெண்ட் வெளிச்சந்தை திட்டத்துல மாநிலங்களுக்கு அரிசி விக்கறத நிறுத்திருச்சு, கூடுதலா 5 கிலோ தர்றோம்னு வாக்கு குடுத்த சித்தராமையா கைல காசு இருக்கு அரிசி இல்ல, அப்பறம் என்ன பண்றதுன்னு ஜூலைல இருந்து கிலோவுக்கு 34 ரூபா, ஆளுக்கு 170 ரூபான்னு அக்கவுண்ட்ல போட்டாங்க. என் மச்சான் வீடு அத்திப்பள்ளில, அஞ்சு பேரு, 850 ரூபா. மொத மாசம் குஷிதான். அப்பறம் ஒரு மாசம் வரும் ரெண்டு மாசம் வராது. 34 ரூபாய்க்கு எந்த கடைல அரிசி தர்றாங்கன்னு அவரு கேட்டாரு, நான் எங்க போய் சொல்லுவேன். 2025 பிப்ரவரில திரும்ப அரிசிக்கே வந்துட்டாங்க.

திண்டுக்கல்_கார்த்தி:
ரெண்டு பேருக்கும் நன்றி, ஆனா நீங்க சொல்றது காசு குடுத்த விதத்துல தப்பு, காசுங்கற ஐடியால தப்பு இல்லியே? விலைய மாசாமாசம் மார்க்கெட் ரேட்டுக்கு ஏத்துனா போச்சு. இந்தப்பக்கம் அரிசியா குடுக்கறதுல என்ன நடக்குது? வாரத்துக்கு ஒரு தடவ பேப்பர்ல "கேரளாவுக்கு கடத்த முயன்ற 2 டன் ரேஷன் அரிசி பறிமுதல்" வருது, மாவு மில்லுக்கு போகுது, கோழிப்பண்ணைக்கு போகுது. எங்க பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு சின்ன சைஸ் கடத்தல்தான், என்ன, வேனுக்கு பதிலா தூக்குவாளி.

கட்டுத்தராசு:
நான் ரேஷன் கடை சேல்ஸ்மேன், பதினோரு வருஷம். ஊரு வேணாம். எல்லாரும் எங்கள திருடன்னு சொல்லிட்டு போறீங்க, ஒரு நாள் கடைல வந்து உக்காந்து பாருங்க. குடோன்ல இருந்து 50 கிலோ மூட்டைன்னு வருது, அதுல சணல் சாக்கே அரை கிலோவுக்கு மேல, அது போக குத்தூசி போட்டு இழுத்ததுல வழிஞ்சது, லோடுமேன் தூக்கி எறிஞ்சதுல சிந்துனது, எறக்கி வெச்சி எட போட்டா சில மூட்ட 48, சில மூட்ட 47. எங்க பக்கத்து குடோன்ல எட போட்டு குடுங்கன்னு கேட்டதுக்கு "இஷ்டம் இருந்தா ஏத்து, இல்லன்னா அடுத்த கடைக்காரன வரச்சொல்லு"ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னாங்க. எனக்கு கணக்குல 50, கைல 47, அந்த மூணு கிலோவ நான் எங்க இருந்து கொண்டு வர்றது, என் வயல்லயா வெளையுது? எல்லா சேல்ஸ்மேனும் யோக்கியன்னு சொல்ல வரல, பில்லு போட்டுட்டு பொருள் குடுக்காம அனுப்பறவன் இருக்கான், தெரியும். ஆனா இப்ப பில்லு போட்ட உடனே ஜனங்க போன்ல எஸ்எம்எஸ் வந்துருது, வாங்காத பருப்புக்கு மெசேஜ் வந்தா அடுத்த நிமிஷம் கடைல வந்து சண்ட. போதாக்குறைக்கு தராச ப்ளூடூத்துல பில் மெஷினோட சேத்து விட்டாங்க, எட சரியா நின்னாத்தான் பில்லே வரும். நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லல, ஆனா குடோன்லயும் அதே தராச வைங்கய்யா மொதல்ல.

கட்டுத்தராசு:
கார்த்தி தம்பி, விட்டுப்போச்சி. உங்கம்மாவுக்கு கைரேகை விழலன்னா கருவிழி மெஷின் இருக்கான்னு கேளுங்க, நெறைய கடைக்கு வந்துருச்சி. வர முடியாத ஆளுன்னா அங்கீகாரச் சான்று குடுத்து வேற ஆளு வாங்கலாம். 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம் ஆரம்பிச்சப்ப 70 வயசு தாண்டி தனியா இருக்கறவங்களுக்கு நாங்களே மெஷினோட வண்டில வீட்டுக்கு போய் குடுத்தோம், மாற்றுத்திறனாளிங்களுக்கும் உண்டு. உங்கம்மாவுக்கு இன்னும் வயசு இருக்கு, நல்லா இருக்கட்டும்.

கடமடை_விவசாயி:
எல்லாரும் வாங்கறத பத்தி பேசறீங்க, குடுக்கறவன் நான் பேசறேன். ரேஷன்ல அரிசி போடறதாலதான் எங்க ஊர்ல நெல்லு கொள்முதல் நடக்குது. 1972ல ஆரம்பிச்ச நுகர்பொருள் வாணிபக் கழகம் டிபிசி, அதாவது நேரடி நெல் கொள்முதல் நிலையம் தொறந்து எங்க நெல்ல எடுக்குது, அத அரைச்சிதான் உங்க கடைக்கு வருது. 2025-26 சீசனுக்கு ஊக்கத்தொகை எல்லாம் சேத்து சாதா ரகம் குவிண்டாலுக்கு 2500, சன்ன ரகம் 2545. நீங்க பாட்டுக்கு அரிசி வேணாம் காசு போடுன்னுட்டீங்கன்னா கவர்மெண்டு எதுக்குங்க எங்கிட்ட நெல்ல எடுக்கும்? அப்புறம் யாவாரி வந்து 1600, 1700ன்னு அடிமாட்டு வெலைக்கு கேப்பான், குடுத்துட்டு துண்ட ஒதறி தோள்ல போட்டுட்டு போகணும்.

ஆனா டிபிசி சொர்க்கம்னு நெனச்சிறாதீங்க. ஈரப்பதம் 17க்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, அக்டோபர் மழைல எந்த நெல்லு 17ல நிக்கும்? 2025 அக்டோபர்ல ரோட்டுலயே கொட்டி வெச்சி தார்ப்பாய் போட்டு பொண்டாட்டி புள்ளைங்களோட காவல் காத்தோம், மொள விட்டுப்போச்சி. இதுல மூட்டைக்கு இவ்வளவுன்னு மாமூல் தனி. எந்த சென்டர்னு சொல்ல மாட்டேன், அடுத்த போகத்துக்கும் நான் அங்கதான் போயாகணும்.

நாகர்கோவில்_டீச்சர்:
தம்பி கார்த்தி, நான் ரிட்டையர் ஆன டீச்சர், எங்க வீட்டுலயும் கார்டு உண்டு, ரேஷன் புழுங்கல அரைச்சுதான் தோசை. உங்க கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த மீதி எட்டு கிலோ கோழிக்குப் போகுதேன்னு நீங்க வருத்தப்படுறீங்க, சரி. உங்க அம்மாவ மாதிரி தேவை இல்லாதவங்கள கழிச்சுட்டு ஏழைக்கு மட்டும் குடுப்போம்னுதான் 1997ல நாடு முழுக்க வறுமைக்கோட்டுக்கு மேல கீழன்னு பிரிச்சாங்க. என்ன ஆச்சு? கோட்டுக்குக் கீழ யாருன்னு முடிவு பண்ண வந்த ஆளு பஞ்சாயத்துல செல்வாக்கு உள்ளவன் பேர எழுதிட்டுப் போயிட்டான், ஓலைக் குடிசையில இருந்தவ பேரு விட்டுப்போச்சு. தமிழ்நாடு மட்டும் எல்லாருக்கும் உண்டுன்னே நின்னுச்சு. 67ல அண்ணா ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு சொன்ன நாள்ல இருந்து இங்க அரிசிய தொட்டவன் தோத்தான். 2008ல கிலோ ஒரு ரூபா, 2011 ஜூன்ல இருந்து இலவசம், ரெண்டு கட்சியும் மாத்தி மாத்தி இறக்குனாங்களே தவிர யாரும் எடுக்கல.

2013ல உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்பவும் கிராமத்துல 75 சதவீதம், டவுன்ல 50 சதவீதம்னு நாடு முழுக்க அளவு வெச்சாங்க, அதுல நமக்கு வந்தது ஏறக்குறைய பாதி ஜனம்தான், 3 கோடியே 64 லட்சம் பேரு. நாம சேர்ந்தது 2016 நவம்பர்ல. மீதிப் பேருக்கு மாநிலம் தன் கைக்காசைப் போட்டு அரிசி குடுக்குது. கார்டு 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல. உங்க அம்மா மாதிரி நடுத்தரக் குடும்பமும் அதே வரிசையில நிக்கிறதாலதான் அரிசி நாத்தம் அடிச்சா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் சத்தம் போகுது. ஏழைக்கு மட்டுமேன்னு ஆக்கிப் பாருங்க, அரிசி என்ன கதிக்கு ஆகும்னு. ஜார்க்கண்ட்ல சிம்டேகாவுல 2017ல ஒரு வீட்டுக் கார்டு ஆதாரோட இணைக்கலன்னு ரத்தாகி, மாசக்கணக்குல அரிசி இல்லாம 11 வயசுப் பிள்ளை செத்துப்போச்சு. அரசாங்கம் மலேரியான்னுச்சு, பெத்தவ பசின்னா. நான் பெத்தவ சொன்னததான் நம்புறேன்.

அப்புறம் அந்த ஆயிரம் ரூபா உரிமைத்தொகை, அது அரிசியோட சேர்த்து வர்ற காசு தம்பி, அரிசிக்குப் பதிலா இல்ல. அரிசி வீட்டுல இருக்கதாலதான் அந்தக் காசு பாலுக்கும் மாத்திரைக்கும் ஆகுது.

கொங்கு_சிவா:
டீச்சர் சொல்றது வாஸ்தவம்ங்க, ஆனா ஒண்ணு. நெசமாலுமே வேண்டாம்ங்கறவங்க சர்க்கரை கார்டுக்கு மாறிக்கலாம்னு வசதி இருக்குதுங்களே, ஏன் மாறமாட்டேங்கறாங்க? பொங்கல் பரிசு அரிசி கார்டுக்கு மட்டும்னு வெச்சா யாருங்க மாறுவா. 2019ல சர்க்கரை கார்டுக்காரங்க அரிசி கார்டா மாத்திக்கலாம்னு விட்டப்ப எங்க வீதில ரெண்டு கார் வெச்சிருக்கறவரே மொத ஆளா மாத்துனாரு. அரிசி வாங்கறதில்லீங்க அவரு, பொங்கலுக்கு மட்டும் கடைப்பக்கம் தரிசனம்.

அமுதா_ஆவடி:
தலைப்புக்கு சம்பந்தம் இருக்கா தெரியல, ரேஷன் அரிசில பிளாஸ்டிக் அரிசி கலக்கறாங்களாமே, ஊற வெச்சா மெதக்குது, எங்க மாமியார் பொறுக்கி பொறுக்கி போடறாங்க???

நாகர்கோவில்_டீச்சர்:
பிளாஸ்டிக் இல்லம்மா, செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்து அரிசி மாதிரியே அச்சுல எடுத்து, நூத்துக்கு ஒண்ணுன்னு கலந்தது. மெதக்கும், நிறமும் கொஞ்சம் மாறும். மாமியார்ட்ட பொறுக்க வேண்டாம்னு சொல்லுங்க, பொறுக்கிப் போடுறதுதான் சத்து. தலசீமியா, சிக்கிள் செல் இருக்கவங்க மட்டும் டாக்டர்ட்ட கேட்டுட்டுச் சாப்பிடணும். ஜனங்கட்ட ஒழுங்கா சொல்லாமலே கொண்டாந்து கலந்தா பிளாஸ்டிக்னுதான் வாட்ஸ்அப்ல வரும், வேற என்ன வரும்.

வடமராட்சி_குகன்:
நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன், வாசிச்சுக்கொண்டு வந்தனான், இடையில குறுக்கிடுறதுக்கு மன்னிக்கோணும். கார்த்தி அண்ணை கேக்கிற பரிசோதனைய எங்கட நாடு 1979லயே செய்து பாத்திட்டுது. எங்கட அப்பம்மா காலத்தில கூப்பன் அரிசி, சங்கக்கடையில புத்தகத்தைக் குடுத்தால் வெட்டிப்போட்டு அரிசி அளந்து தருவினம். அந்த அரிசியில கைவைச்சதுக்கு 1953ல பெரிய ஹர்த்தாலே நடந்தது, 25 சதத்து அரிசிய 70 சதமாக்கினதுக்குச் சனம் தெருவுக்கு இறங்கி, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவிய விட்டிட்டுப் போகவேண்டி வந்தது. பிறகு 77ல ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்து, முதல்ல குறைஞ்ச வருமானக்காரருக்கு மட்டும் எண்டு பாதிப் பேரை வெட்டி, 1979ல அரிசிய நிப்பாட்டிப்போட்டு உணவு முத்திரை எண்டு குடுத்தினம். முத்திரையில ரூபாய்க் கணக்குத்தான் அடிச்சிருக்கும், அரிசி அளக்கிற கொத்துக் கணக்கு இல்லை. விலைவாசி ஏற ஏற அந்த ரூபாய் அப்பிடியே நிண்டது, மூண்டு நாலு வருசத்தில அதின்ர பெறுமதி பாதிக்கு விழுந்திட்டுது. இந்த முறை ஒருத்தரும் ஹர்த்தால் செய்யேல்ல. ஏனெண்டால் அரசாங்கம் விலைய ஏத்தேல்ல, ஒண்டையும் நிப்பாட்டவும் இல்லை, சும்மா இருந்தது, அவ்வளவுதான். பிறகு சமுர்த்தி எண்ட உதவித்திட்டம் வந்து, இப்ப 2023ல இருந்து அஸ்வெசும எண்ட திட்டத்தில காசுதான் வருது. அந்தப் பட்டியல்ல பேர் விடுபட்ட சனம் பிரதேச செயலகத்தில நிண்ட வரிசைய நான் என்ர கண்ணால பாத்தனான், உங்கட ரேஷன் வரிசையவிட நீளம்.

திண்டுக்கல்_கார்த்தி:
குகன் அண்ணா, "சும்மா இருந்தது அவ்வளவுதான்" இந்த வரி நேத்து ராத்திரி பூரா மண்டைல நிக்குது. நான் மேல "மாசாமாசம் ரேட்ட ஏத்துனா போச்சு"ன்னு ரொம்ப ஈசியா சொல்லிட்டேன். ஏத்தாம விட்டா கேக்கறதுக்கு ஒரு நாளோ ஒரு காரணமோ இருக்காது, அதான? கடைல "அரிசி ஸ்டாக் இல்ல"ன்னா அங்கயே நாலு பேரு சேந்து கத்துவாங்க. அக்கவுண்ட்ல 480 ரூபாயோட மதிப்பு கரைஞ்சா அம்மா யார்கிட்ட போய் கத்துவாங்க.

பனியன்_கம்பெனி_மணி:
திருப்பூர்ல இருந்து. எங்க யூனிட்ல பீகார் பசங்க இருவது பேரு. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டுல 2020 அக்டோபர்ல தமிழ்நாடு சேந்துச்சு, அந்த பசங்க ஊர் கார்ட வெச்சே இங்க கை வெச்சு வாங்கலாம். மொத வருஷம் ஒருத்தனும் வாங்கல, கார்டு ஊர்ல அப்பாகிட்ட இருக்குது, நம்பர் தெரியாது, இங்க வந்து கேட்டா பாஷை தெரியாது. இப்ப ஒரு ஏழெட்டு பேர் வாங்கறாங்க. அதுலயும் சென்ட்ரல் தர்ற அரிசி கோதுமை மட்டுந்தான், நம்ம 30 ரூபா தொவரம்பருப்பும் 25 ரூபா பாமாயிலும் அவங்களுக்கு கெடையாதுங்க. ஒருத்தன் என்கிட்டயே கேட்டான், "அண்ணா, அரிசி மட்டும் ஃப்ரீ, பருப்பு எதுக்கு இல்ல"ன்னு. வெளிய பருப்பு மூணு இலக்கத்துல விக்குது, நான் என்ன பதில் சொல்றது.

இதவிட மோசம் கார்டே இல்லாதவங்க. எங்க ஏரியால பாலத்துக்கு கீழ நரிக்குறவ குடும்பம் ஆறு இருக்குது, வீட்டு முகவரி கேக்கறாங்க, கேஸ் பில் கேக்கறாங்க, பாலத்துக்கு ஏதுங்க கதவு நம்பர்? அரிசியா காசான்னு நாம இங்க அடிச்சுக்கறோம், அவங்களுக்கு ரெண்டும் இல்ல.

பாண்டி_வாசி:
மணி அண்ணா சொன்னதுதான் பெரிய பிரச்சன. இதுல நாட்டு கணக்கே இன்னும் 2011 சென்சஸ்ல நிக்குது. 81 கோடி சொச்சம் பேருன்னு அன்னைக்கு போட்ட கணக்கு. பொருளாதார ஆய்வாளருங்க ஜான் டிரேஸும் ரீத்திகா கேராவும் 2020லயே சொன்னாங்க, ஜனத்தொக ஏறுனத சேத்தா 10 கோடி பேருக்கு மேல வெளிய நிக்கறாங்கன்னு. அடுத்த சென்சஸ் 2027ல.

அமுதா_ஆவடி:
டீச்சர் நன்றி, மாமியார்கிட்ட சொல்லிட்டேன், நம்பல 😄 என் பையன் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல மூணாங்கிளாஸ், காலைல உப்புமா, மத்தியானம் முட்டையோட சாப்பாடு. காலை டிபன் வர்றதுக்கு முன்னாடி நான் வீட்டு வேலைக்கு ஓடற அவசரத்துல அவன் பாதி நாள் டீ பன்னுதான். எனக்கு காசு குடுத்திருந்தா காலைல ஆறு மணிக்கு உப்புமா கிண்ட ஆள் யாரு வருவா? அத சொல்லணும்னு தோணுச்சு.

நாகர்கோவில்_டீச்சர்:
அமுதா, நீங்க சொன்னத எத்தனையோ ஆபீசர் பெரிய ரிப்போர்ட்டுல கூட எழுதல. 82ல எம்ஜிஆர் சத்துணவ கொண்டு வந்தப்ப பிச்சைக்காரப் புத்தின்னு பேசுனவங்க இருந்தாங்க. என் கிளாஸ்ல அந்த வருஷம் பொம்பளைப் பிள்ளைங்க தட்டோட வந்து உக்காந்தாங்க, பாதிக்குப் பாதி அது வரைக்கும் ஆடு மேய்ச்சதுங்க.

கொங்கு_சிவா:
கார்த்தி, அப்ப உங்க முடிவு என்னங்க? அம்மாவுக்கு அரிசியா காசா?

திண்டுக்கல்_கார்த்தி:
போன வாரம் ஊருக்கு போயிருந்தேன், அம்மாகிட்டயே கேட்டுட்டேன். "அரிசி வந்தா இட்லிக்கு ஆச்சி, காசு வந்தா உன் தங்கச்சி வந்து கேப்பா, குடுத்துருவேன்"ன்னாங்க. கோழிக்கு போற அரிசி? அதுக்கு பதிலா வாரம் நாலு முட்ட வருதாம் அந்த அக்கா வீட்ல இருந்து, இத்தன வருஷமா எனக்கு தெரியாது. இத கடத்தல்ல சேக்கறதா சத்துணவுல சேக்கறதா டீச்சர்தான் சொல்லணும். காசு ஐடியாவ நான் முழுசா விடல, பெரிய சிட்டில கார்டு கெடைக்காம அலையறவங்களுக்கு இடைக்காலத்துக்கு ஏதாவது பண்ணலாம்னு இன்னும் தோணுது. ஆனா இருக்கற அரிசிய எடுத்துட்டு காசு குடுங்கன்னு இனிமே சொல்ல மாட்டேன். கட்டுத்தராசு அண்ணே, எங்க கடைல கருவிழி மெஷின் வந்திருக்கு, ஆனா கவர் பிரிக்காம மேல ரேக்ல இருக்கு. அந்த அங்கீகாரச் சான்று படிவம் நெட்ல எடுக்கணுமா, கடைலயே குடுப்பாங்களா?

கட்டுத்தராசு:
கடைலயே கேளுங்க தம்பி. ஸ்டாக் இல்லன்னு சொன்னா, அந்த ரேக்க கை காட்டி, "அப்ப அத கொஞ்சம் எறக்குங்க"ன்னு சத்தமா சொல்லுங்க, வரிசைல நிக்கறவங்களுக்கு கேக்கற மாதிரி.